ஜன்னல் திறந்திருந்த செவ்வாய்

ஓலு நகரம். பிப்ரவரி.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
நிலவறை மேசையில் இரண்டு கணினிகள்
மூடி கழற்றி, மல்லாக்கப் படுத்திருக்கின்றன.
விசிறிகளின் ரீங்காரம் கேட்டு
மேல்வீட்டு ரௌனி
நான் தேனீ வளர்ப்பதாக நம்புகிறாள்.
மறுக்கவில்லை. தேன் கேட்கும்வரை பார்க்கலாம்.

இடப்பக்கச் செயலிக்கு ஆறு கோர்.
ஒற்றை வேலையைக் கொடுத்தால்
வாலில் தீப்பிடித்த மாதிரி ஓடும்.
வலப்பக்கத்துக்குப் பன்னிரண்டு:
ஊர்கூடித் தேர் இழுக்கிற ரகம்,
வடம் பிடிக்க ஆள் சேரும்வரை அசையாது,
அசைந்தால் நிற்காது.

துய்ரே கேட்டது ஒன்றுதான்.
தீவுக்குக் கடல்மேல் போகிற பனிச்சாலைக்கு
அவள் காவல்.
நானூறு மீட்டருக்கு ஒரு துளை,
துளைக்கொரு எண்,
எண்களைக் காற்றோடும் நீரோட்டத்தோடும் பிசைந்து
நாளை எங்கே எவ்வளவு கனம் என்று சொல்ல வேண்டும்.
“ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, இல்போ.
எது என்று வெள்ளிக்குள் சொல்.”

நான் நியாயஸ்தன்.
இரண்டுக்கும் ஒரே நினைவகம், ஒரே வட்டு,
உச்சந்தலையில் ஒரே பசை, அரிசி மணியளவு.
பதினோரு ஓட்டம்;
நல்லதில் ஒன்றும் கெட்டதில் ஒன்றும் தள்ளி
மீதிக்குச் சராசரி.
செவ்வாயன்று இடது: நாற்பத்தேழு நிமிடம், பன்னிரண்டு நொடி.
புதனன்று வலது: நாற்பத்தேழு நிமிடம், நாற்பது.
இருபத்தெட்டு நொடி.
‘இடது’ என்று பச்சைப் பேனாவில் எழுதி
அடிக்கோடும் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

தூக்கத்தில்தான் வந்தது
கருகிய மீன் வாசனை.

செவ்வாய் காலை
அடுப்பில் வைத்த மீனை மறந்துவிட்டு,
புகை போகட்டும் என்று
நிலவறையின் ஒற்றை ஜன்னலைத் திறந்தேன்.
இருட்டும்வரை மூடவில்லை.

சூடேறினால் செயலி
தன் கடிவாளத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.
இடது அன்று இழுக்கவே இல்லை.
அதனோடு சேர்ந்து
வடதுருவமும் ஓடியிருக்கிறது.

வியாழன் முழுக்க மறுபடி. ஓட்டம் ஐந்து போதும்.
ஜன்னல் சாத்தி: வலது, பத்தொன்பது நொடியில்.
இரண்டுக்கும் ஜன்னல் திறந்து: இடது, ஆறு நொடியில்.
நடுவில் ரௌனி வந்து
“குளிர் மேலே ஏறுகிறது” என்று சாத்திவிட்டுப் போன ஓட்டத்தை
எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வெள்ளி காலை துய்ரே வந்தாள்,
இமையெல்லாம் உறைபனி.
வரைபடங்களை விரித்தேன்.
வேகம், வெப்பம், வாட்.
காபி ஆறும்வரை கேட்டுவிட்டு
“சரி, விடை என்ன?” என்றாள்.
“அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.”
“அதில்லை. கணக்கின் விடை. பனி எவ்வளவு கனம்?”

அந்தக் கோப்பை நான் திறந்ததே இல்லை.
எத்தனையோ ஓட்டம். ஒருமுறைகூட.

திறந்தோம். இரண்டுக்கும் ஒரே பேச்சு:
சாலை நெடுக நாற்பது சென்டிமீட்டர், நாற்பத்திரண்டு,
மூன்றாவது கிலோமீட்டரில் மட்டும் பதினாறு.
பதினாறு, பதினாறு, பதினாறு என்று
ஒவ்வொரு ஓட்டமும் சொல்லிவிட்டுத்தான் முடிந்திருக்கிறது.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முகத்தைப் பார்த்து அவளே சொன்னாள்:
“பதறாதே, போன வருஷத்துக் கணக்கு. சோதனைக்கென்று கொடுத்தது.
ரொட்டி வேனின் முன்சக்கரம் அங்கேதான் இறங்கியது.
பழைய கணினிக்கு விடை சொல்ல ஐந்து மணி நேரம்.
வேன் நாலாவது மணியில் கிளம்பிவிட்டது.”
டிரைவர்?
“முழங்கால்வரை நனைந்தார். ரொட்டியும்தான்.”

பிறகு குனிந்து
இரண்டு விசிறிகளுக்கும் காது கொடுத்து,
சத்தம் குறைவானது எது என்று தானே முடிவுசெய்து
வலதை எடுத்துக்கொண்டு போனாள்.

இடது இன்னும் மேசையில் கிடக்கிறது.
அந்த இருபத்தெட்டு நொடியில்
அதனுடையது எவ்வளவு, ஜன்னலுடையது எவ்வளவு?
யாரும் கேட்கவில்லை.
ஜன்னலைப் பாதி திறந்துவைத்து
ஓர் ஓட்டத்தை ஆரம்பிக்கிறேன்.
விடைக்கும் இம்முறை ஒரு கட்டம் வரைந்திருக்கிறேன்.
மேலேயிருந்து ரௌனி தரையைத் தட்டுகிறாள்:
தேனீக்களுக்குக் குளிராதா?